பதிமூணாவது அடி

“ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, எட்டு, பதிமூணு! இது உன் மண்டையில தானா முளைச்சுதாடா? நீ பத்தாங்கிளாஸ் கணக்குல வாங்கின மார்க்கைக் கேட்டா உன் மார்க் ஷீட்டே வெக்கப்படும்!”

“மரியாதையா பேசுங்க சார். கணக்கு மார்க்குக்கும் டிரம்ஸுக்கும் என்னா சம்பந்தம்?”

“இப்ப சம்பந்தம் இல்லையா? பேட்டியில என்னா சொன்ன? ‘இந்தப் பாட்டைக் கணிதத்தால கட்டினேன்’னு சொல்லல? கொத்தனார் நீயாவே இருந்துட்டுப் போ. செங்கல்லு என்னுது!”

“அது சும்மா ஒரு பேச்சுக்கு…”

“பேச்சுக்கா? அப்ப உன் பாட்டும் பேச்சுக்குத்தான்!”

நெல்லித்தோப்பில் அந்த ஷெட்டுக்குள் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள், சத்தம் வெளியே போகக் கூடாதென்று. அட்டை கிட்டாரைத்தான் தடுத்தது, சண்டையைத் தடுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் மூன்று மொட்டை மாடிகளில் ஆட்கள் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவற்றில் இரண்டு மாடிகளில் கொடியே கிடையாது.

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற கோபிநாத்துக்கு இந்த மாதிரிக் காட்சி என்றால் காராபூந்தி மாதிரி. வயது நாற்பத்திரண்டு, உடம்பில் சர்க்கரை, நாக்கில் மிளகாய். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக இருந்தபோது செத்துப்போவதைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசியதால் ஒரு பாலிசிகூடத் தேறாமல், கடைசியில் அஞ்சலாட்சி டிடெக்டிவ் ஏஜென்சியில் உதவியாளராக ஒதுங்கியவன்.

அவன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நிறைந்து உட்கார்ந்திருந்த அம்மாள்தான் அஞ்சலாட்சி. பரோட்டாக்கடை மாடியில் ஆபீஸ். பெரும்பாலும் கல்யாண விசாரணைதான் தொழில். மாப்பிள்ளை குடிப்பாரா, குடித்தால் வீட்டுக்கு வருவாரா, வந்தால் எந்த வீட்டுக்கு வருவார் என்று அடி ஆழம் வரைக்கும் தோண்டிக் கொடுப்பார். படித்தவர்கள் மேல் அவருக்கு மரியாதை உண்டு. படித்ததைச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் மேல் கிடையாது.

“அக்கா,” என்றான் கோபிநாத் மெதுவாக, “இந்த நம்பரெல்லாம் என்னா?”

“முன்னாடி வந்த ரெண்டையும் கூட்டினா அடுத்தது வரும். ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, ஒண்ணும் ரெண்டும் மூணு, ரெண்டும் மூணும் அஞ்சு.”

“கூட்டுக் குடும்பம் மாதிரி. போகப்போக வீங்கிக்கிட்டே போவும், கடைசியில வெட்டுக்குத்து.”

“அங்க பாரு, வெட்டுக்குத்து ஆரம்பிச்சாச்சு.”

கத்திக்கொண்டிருந்த பெரியவர் டாக்டர் இளஞ்செழியன். உழவர்கரையில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே மேடை கிடைத்தாலும் ஏறி, இயற்கையில் எண்கள் என்று ஆரம்பித்துச் சூரியகாந்திப் பூவை விதை விதையாக உரித்துவிட்டுத்தான் இறங்குவார். தன்னைப் பிரெஞ்சு மரியாதையில் ‘முசியே’ என்று கூப்பிட்டால் கூடுதலாக ஐந்து நிமிடம் பேசுவார்.

பதிலுக்குக் கத்தியவன் செம்மல். ‘உப்புக்காத்து’ என்ற ராக் குழுவின் டிரம்ஸ்காரன். முடியை வளர்த்துக் கொண்டை போட்டிருந்தான். அந்தக் கொண்டைக்கு அவன் செலவழிக்கிற நேரத்தைப் பயிற்சிக்குச் செலவழித்திருந்தால் இந்த அத்தியாயமே வந்திருக்காது.

இரண்டு பேருக்கும் நடுவில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் பேஸ் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள் சரிதா. பகலில் பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட், சாயந்திரம் பாடகி. சண்டைக்குக் காரணமான ‘காத்து வர்ற கொழா’ அவள் எழுதி, அவளே மெட்டுப் போட்டு, அவளே பாடிய பாட்டு. தண்ணீருக்குப் பதில் காற்றை விடுகிற குழாயைப் பார்த்து ஒருத்தி கத்துகிற பாட்டு. ஒவ்வொரு வரி முடிந்ததும் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். செம்மல் மட்டும் சிம்பலின் நடுக்குமிழைக் குச்சியால் டாங், டாங் என்று தட்டுவான். முதல் வரிக்குப் பிறகு ஒரு அடி, இரண்டாவதுக்கும் ஒன்று, பிறகு இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போய், கடைசி வரிக்குப் பிறகு ஒரு நீண்ட தட்டல். சின்ன நிசப்தம். அப்புறம் எல்லாரும் சேர்ந்து இடி மாதிரி விழுவார்கள்.

அந்தக் கடைசித் தட்டல் எத்தனை அடி என்பதில்தான் இப்போது வில்லங்கம்.

பிரான்ஸில் ஒரு கோடைகாலப் பாட்டு விழாவிலிருந்து குழுவுக்கு அழைப்பு வந்திருந்தது. இளஞ்செழியன் அந்த விழாக்காரர்களுக்கே நேராக எழுதிவிட்டார். பாட்டின் எண் வடிவம் என்னுடைய படைப்பு, என் பெயர் இல்லாமல் மேடையேற்றினால் வழக்குப் போடுவேன் என்று. இந்த வாரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு குழுவைக் கூப்பிடுகிறோம் என்று விழாக்காரர்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள். அதனால்தான் சரிதா அஞ்சலாட்சியைக் கூப்பிட்டிருந்தாள்.

சரிதா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“அக்கா, கடைசியில நான் வச்சது பன்னெண்டு அடி. பதிமூணு இல்ல. அவரு கணக்கும் கிடையாது, இவன் கணக்கும் கிடையாது. நான் சொல்றதை ஒருத்தரும் காதுல வாங்கல.”

“ரெக்கார்டிங்கை எண்ணிப் பாருங்க!” என்றார் இளஞ்செழியன். “போன வருஷம் ஃபெத் த லா மியூசிக் விழாவுல, பீச் ரோட்டுல வாசிச்சது. லட்சம் பேர் கேட்டாச்சு. சுத்தமா பதிமூணு!”

“பதிமூணுதான்,” என்றான் செம்மல். அது ஒன்றில் மட்டும் எதிரிகள் இருவரும் சம்பந்திகள் மாதிரி ஒற்றுமை.

“இது கணக்குன்னு ஒரு இணையப் பத்திரிகையில கட்டுரை வந்ததுக்கு அப்புறம்தான்க்கா இவன் மேடையில பதிமூணு தட்ட ஆரம்பிச்சான்,” என்றாள் சரிதா. “ஆனா பீச் ரெக்கார்டிங்லயும் பதிமூணுதான் கேக்குது. எத்தினி வாட்டி கேட்டுட்டேன். எனக்கே எம்மேல சந்தேகம் வந்துடுச்சு. என் பாட்டு எனக்குத் தெரியாமப் பூடுமா?”

அஞ்சலாட்சி இளஞ்செழியன் பக்கம் திரும்பினார். “சார், இந்தக் கணக்கைத் தம்பிகிட்ட எப்ப குடுத்தீங்க?”

“மே மாசம். ஜூன்ல கச்சேரி. என் வீட்டு டியூஷன் ரூம்ல, போர்டுல எழுதிக் காட்டினேன். பழைய மாணவன், பாக்க வந்திருந்தான்.”

“தம்பி, போனியா?”

“போனேன்.” செம்மல் சட்டென்று குச்சிகளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். “சும்மா. அந்தப் பக்கம் ஒரு வேலை.”

“சாட்சி யாராவது உண்டா சார்?”

“சாட்சியா?” இளஞ்செழியன் இரக்கத்தோடு சிரித்தார். “உலகமே ஒத்துக்கிட்ட விஷயம்மா. இணையக் கலைக்களஞ்சியத்துல போட்டிருக்கு. அடிக்குறிப்போட!”

அந்த ‘அடிக்குறிப்போட’வை அவர் உச்சரித்த விதத்தைப் பார்த்தால், தேவாரத்தில் வந்ததே என்று சொல்கிறாரோ என்று தோன்றும்.

---

பரோட்டாக் கல்லின் சூடு தரை வழியாக ஏறிவரும் ஆபீஸில் கோபிநாத் லேப்டாப்பைத் திறந்தான்.

“அக்கா, கலைக்களஞ்சியம். ‘இப்பாடல் கணிதத் தொடர் ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. இதை வடிவமைத்தவர் அறிஞர் இளஞ்செழியன்.’ அடிக்குறிப்பு ஒண்ணு. அது ஒரு இணையப் பத்திரிகைக்குப் போவுது.”

“போ.”

“பத்திரிகையில, ‘அறிஞர் இளஞ்செழியன் தமது சொற்பொழிவில் கூறியபடி’ன்னு போட்டிருக்கான். சொற்பொழிவு வீடியோவும் இருக்கு.”

“ஓட்டு.”

திரையில் இளஞ்செழியன் சூரியகாந்திப் பூவோடு தோன்றினார். பூவை முடித்துவிட்டுக் கையை உயர்த்தி, “இதை நான் சொல்லவில்லை, கலைக்களஞ்சியமே சொல்கிறது” என்றார்.

கோபிநாத் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். “இவரு சொன்னதா அவன் சொல்றான், அவன் சொன்னதா அது சொல்லுது, அது சொன்னதா இவரு சொல்றாரு. ஒரே சட்டையை மூணு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு போட்டோ எடுத்தாப்ல இருக்கு.”

“இது நம்ம தொழில்ல தினம் பாக்கறதுதானேடா. போன மாசம் அந்த ரெட்டியார்பாளையம் மாப்பிள்ளை. பையன் தங்கம்னு பக்கத்து வீடு, எதிர் வீடு, முக்குக் கடைன்னு மூணு இடத்துல சொன்னாங்க. மூணு இடத்துலயும் போய்ச் சொல்லிவச்சவரு மாப்பிள்ளையோட சித்தப்பா.” அஞ்சலாட்சி வெற்றிலையை மடித்தார். “ஒரு சேதியை எத்தினி பேர் சொன்னாங்கன்னு எண்ணாத. எத்தினி பேர் பாத்தாங்கன்னு எண்ணு. சரி, அந்தப் பாட்டைப் போடு.”

பாட்டு ஓடியது. கோபிநாத் விரல் விட்டு எண்ணினான். பத்து விரலும் தீர்ந்து, மேஜை மேலிருந்த மாத்திரை அட்டையில் மூன்று மாத்திரை வரைக்கும் போனான்.

“பதிமூணுக்கா. சரிதா பொண்ணுக்குத்தான் காது சரியில்ல.”

“கடைசி அடியை மட்டும் மறுபடி போடு.”

டாங்… என்றது.

“இன்னொரு வாட்டி. அதுக்கு முன்னாடி உள்ளதோட சேத்து.”

“இது கொஞ்சம் இழுக்குதுக்கா. மத்ததெல்லாம் டாங், டாங்னு வெட்டிட்டு நிக்குது. இது மட்டும் விருந்தாளி மாதிரி சீக்கிரம் கிளம்ப மாட்டேங்குது.”

அஞ்சலாட்சி திரையைக் குனிந்து பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததே தவிர, படம் அசையவில்லை. குழுவின் போஸ்டர் ஒன்றுதான் உறைந்து நின்றது.

“இவங்க போட்ட மத்த பாட்டெல்லாம் வீடியோவா?”

“எல்லாமே வீடியோதான். செம்மல்தான் குழுவோட நெட் பக்கத்தைப் பாத்துக்கறான். பாதி படம் அவன் கொண்டைதான். இதுக்கு மட்டும்…” கோபிநாத் நிறுத்தினான். “அட, ஆமாக்கா. ரொம்பப் பேரெடுத்த பாட்டு இதுதான். இதுக்கு மட்டும் போஸ்டரை ஒட்டிட்டுப் போயிட்டான்.”

“அவனுக்கு போனைப் போட்டு ஏன்னு கேளு.”

கேட்டான். கேமரா பழுது என்றான் செம்மல். ஃபெத் த லா மியூசிக் அன்றைக்குப் பீச் ரோட்டில் நிற்கிறவர்களைவிட நீட்டுகிற போன்கள் அதிகமாயிற்றே, அத்தனையுமா பழுது என்று கோபிநாத் கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது.

“தன் மூஞ்சியைத் தானே மறைக்கிற ஆளாடா அவன்? அன்னைக்கு என்னவோ நடந்திருக்கு,” என்றார் அஞ்சலாட்சி. “அதைப் பாத்த கண்ணு ஒண்ணு எங்கியோ இருக்கு. வா, முதல்ல வாத்தியார் வீட்டுக் காபியைக் குடிப்போம்.”

---

உழவர்கரை வீட்டில் பெயர்ப்பலகை வாசற்கதவைவிட அகலமாக இருந்தது. உள்ளே அலமாரி நிறைய கேடயங்கள். அவற்றில் பாதி, அவரே தலைவராக இருக்கிற சங்கங்கள் அவருக்கு வழங்கியவை.

“கச்சேரி அன்னைக்கு நீங்க பீச்சுக்குப் போயிருந்தீங்களா சார்?”

“எனக்கு எதுக்கு? வாத்தியார் பாடம் நடத்தினா போதும், பரீட்சையை வேற போய்ப் பாக்கணுமா? ஆடியோ வந்ததும் கேட்டேன், எண்ணினேன், என் சூத்திரம் அப்படியே உக்காந்திருந்தது.”

“கேட்டப்புறம்தான் எண்ணினீங்க.”

“சரிபாத்தேன்!” என்றார் இளஞ்செழியன் விறைப்பாக.

அவர் மகள் நிர்மலா காபித் தட்டோடு வந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, இருபத்தேழு வயது. வீட்டில் இரண்டு வருடமாக வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த ஏழெட்டு ஜாதகத்திலும் ஏதாவது ஒரு குறையை அவளே கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவாள் என்பது ஊரறிந்த சேதி.

“எனக்குச் சக்கரை வேணாம்மா,” என்றான் கோபிநாத்.

“சரிங்க.” அவள் அவன் தம்ளரை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதற்குச் சர்க்கரை போட்டாள்.

அஞ்சலாட்சி ரொம்ப அலட்சியமாக, “பாவம் சார் அந்தச் செம்மல், இந்தக் கேஸ்ல அவன் பேரு நாறிடும் போலிருக்கு” என்றார்.

நிர்மலாவின் கை கோபிநாத்தின் தம்ளரில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டது. உடனே இன்னொன்றும் போட்டது. கலக்கியும் விட்டது.

கோபிநாத் தம்ளரைப் பார்த்தான். அஞ்சலாட்சியைப் பார்த்தான். கேஸுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று வேலையில் சேரும்போது சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வாய் குடித்தான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அஞ்சலாட்சி நிர்மலாவின் காதோரம் இரண்டு வார்த்தை சொன்னார். அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது கோபிநாத்துக்குத் தெரிந்தது.

“என்னாக்கா சொன்னீங்க?”

“சாயந்திரம் ஆறரைக்கு பீச்சுக்குப் பின்னாடி சர்ச்சு வாசலுக்கு வான்னு சொன்னேன். போனையும் எடுத்துட்டு வான்னேன். வாத்தியார் இருபது வருஷமா இயற்கையில ஒழுங்கைத் தேடிட்டிருக்காரு, வீட்டுக்குள்ள நடக்கறது தெரியல. மே மாசம் அந்தப் பையன் போனது போர்டைப் பாக்கவா?”

---

கடற்கரைக்கு ஒரு தெரு உள்ளே, மஞ்சள் சுவரில் சாய்ந்து ஒரு ஜோடி கல்யாணத்துக்கு முந்தின போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. கேமராக்காரர் மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தார். சர்ச்சு வாசலில் கோபிநாத் கால் மாற்றி நின்றான்.

“அக்கா, அன்னைக்கு மேடை எங்க போட்டிருந்தாங்க?”

“இந்தத் தெரு போய் பீச் ரோட்டுல முட்டுதே, அந்த முனையில. அன்னைக்கு இவங்க பாட்டுதான் கடைசி. எட்டரைக்கு முடிச்சுக்கணும்னு போலீஸ்காரர் பக்கத்துல வந்து நின்னாராம். சரிதா சொன்னா.”

“எட்டரைக்கு முடிக்கணும்னா எட்டரை வரைக்கும் இழுத்திருப்பானுங்க. எந்தப் பாட்டுக்காரன் முன்னாடியே…”

தலைக்கு மேலே, டாங்… என்றது.

ஒரே ஒரு அடி. காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மெல்லக் கரைந்தது. கோபிநாத் அண்ணாந்து பார்த்தான். கோபுரக் கடிகாரம் ஆறரை காட்டியது.

“அரை மணிக்கு ஒரு அடி மட்டும்தான் அடிக்குமா?”

“காலங்காலமா.” அஞ்சலாட்சி வெற்றிலைச் சாற்றைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். “விருந்தாளி மாதிரி சீக்கிரம் கிளம்பலன்னு சொன்னியே, அந்த விருந்தாளி வீடு இதுதான்.”

கோபிநாத் இன்னொரு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “ஆனா நிரூபிக்கணுமேக்கா,” என்றான். “மணி மாதிரி கேக்குதுன்னு நாம சொன்னா, சிம்பல் மாதிரி கேக்குதுன்னு அவரு சொல்லுவாரு. அவருக்கு அடிக்குறிப்பு இருக்கு, நமக்கு என்னா இருக்கு?”

துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து நின்றாள் நிர்மலா. அஞ்சலாட்சி கோபிநாத்தைச் சுண்டல் வாங்கி வரச் சொன்னார். சுண்டலில் சர்க்கரை இல்லை என்று ஆறுதலும் சொன்னார்.

அவன் பொட்டலத்தோடு திரும்பியபோது இரண்டு பெண்களும் ஒரே போனின் மேல் குனிந்திருந்தார்கள். அஞ்சலாட்சியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“ஊருக்குக் காட்டாதீங்கக்கா,” என்று நிர்மலா சொல்வது காதில் விழுந்தது. “அந்த ஷெட்டுக்குள்ளயே முடிச்சுடுங்க.”

“சரிம்மா. ஆனா உன் குரல் இதுல கேக்குதே. அப்பா கண்டுபிடிச்சுடுவாரே?”

நிர்மலா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். “கண்டுபிடிக்கட்டும்னுதான்க்கா குடுக்கறேன். நான் வாயால சொல்ல ரெண்டு வருஷமா ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு வாட்டியும் சூரியகாந்தி வந்துடுது.”

---

மறுநாள் ஷெட்டில் அதே ஆட்கள். மாடிகளில் மட்டும் கூட்டம் ஏறியிருந்தது. கோபிநாத் கதவைச் சாத்தி, வீடியோவைப் பெரிய திரையில் போட்டான்.

மேடை தெரிந்தது என்று சொல்வதற்கில்லை. செம்மல் தெரிந்தான். பாட்டு முழுக்க அவன் கொண்டை, அவன் தோள், அவன் கை. பாடகி சரிதா, ஓரத்தில் ஒரு முழங்கையாக மட்டும் வந்துபோனாள்.

“யாரோ ரசிகை எடுத்தது போலிருக்கு,” என்றார் இளஞ்செழியன், ரசிகைகளின் தரத்தைப் பற்றிய வருத்தத்தோடு.

செம்மல் முகத்தைப் பார்த்த கோபிநாத்துக்கு, கோழி திருடியவன் முன்னால் கோழியே நடந்து வந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

கடைசி வரி முடிந்தது. டாங், டாங் என்று ஆரம்பித்தது. அஞ்சலாட்சி உரக்க எண்ணினார். “…பத்து, பதினொண்ணு, பன்னெண்டு.”

திரையில் செம்மல் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தான். இரண்டு குச்சிகளையும் சுழற்றி மேலே வீசினான். ஒன்று கைக்கு வந்தது. மற்றது அவன் கொண்டையில் பட்டு, தோளில் குதித்து, மேடைக்குக் கீழே போனது. “அய்யோ!” என்று ஒரு பெண்குரல் பதறியது. செம்மல் பாதி உடம்பு வளைந்து தரையைத் துழாவிக்கொண்டிருக்கும்போது, எங்கிருந்தோ நிதானமாக, டாங்… என்று விழுந்தது பதிமூணாவது அடி.

“சர்ச்சு கடியாரம். எட்டரை,” என்றார் அஞ்சலாட்சி. “லட்சம் பேர் காதால எண்ணிட்டாங்க. கண்ணால எண்ண ஒரு ஆளும் இல்ல, மத்த போனெல்லாம் பாடற பொண்ணைத்தான் பாத்துச்சு. இருந்த ஒரு ஆளும் எண்ண வரல, அவனைப் பாக்க வந்துச்சு. பதிமூணுக்கு யாராவது உரிமை கொண்டாடணும்னா அந்தக் கோபுரம்தான் கொண்டாடணும் சார்.”

இளஞ்செழியன் விடவில்லை. அந்த மனிதருக்குத் தோல்வி ஒரு பாடமாக வந்தால்கூட அதைத் திருத்தி மார்க் போட்டுவிடுவார்.

“அபத்தம்! நான் குடுத்தது பதிமூணு. முட்டாப்பய குச்சியைக் கோட்டை விட்டான், அதனால பதிமூணாவது அடியை வாசிக்க முடியல. சூத்திரத்துல குத்தமில்ல, வாசிச்சவன்கிட்ட குத்தம்!”

கோபிநாத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. மனிதர் சொல்வதில் ஞாயம் இருக்கிறதே?

“டேய், கொஞ்சம் பின்னாடி ஓட்டு,” என்றார் அஞ்சலாட்சி. “நிறுத்து. சார், இங்க பாருங்க. பன்னெண்டு முடிஞ்சது. கண்ணடிக்கிறான். அப்புறம் குச்சியை அவனாவே மேல வீசறான். கை தவறி விழல, வேணும்னு வீசறான். இன்னும் ஒரு அடி அடிக்க வேண்டியவன் குச்சியை ஆகாசத்துக்கு அனுப்புவானா? தோசை வேகறதுக்கு முன்னாடி கரண்டியைக் கழுவி மாட்டுவாங்களா? இவன் வேலை பன்னெண்டோட முடிஞ்சதுன்னு இவன் கைக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க மே மாசம் போர்டுல எழுதினது இவன் கைக்கு வந்து சேரவே இல்ல.”

மேலே மாடியில் யாரோ “என்னா சொல்றாங்க?” என்று கேட்டது தெளிவாக விழுந்தது.

“சரி, பன்னெண்டுதான்னே வச்சுக்குவோம்,” என்றார் இளஞ்செழியன், குரல் இறங்கி. “ஏன் பன்னெண்டு? அதுக்கு என்ன தத்துவம்?”

சரிதா கிட்டாரைக் கீழே வைத்தாள்.

“மூச்சு சார். ஒவ்வொரு வரியும் முன்னதைவிட நீளம். கத்திப் பாடணும். அடுத்ததுக்கு நெஞ்சு நிறைய மூச்சு வாங்க எவ்ளோ நேரம் ஆவுதோ, அத்தினி அடி வச்சேன். கடைசி வரிக்கு அப்புறம் எல்லாரும் சேந்து விழற எடத்துல நான் கத்தணும், அதுக்குப் பன்னெண்டு ஆச்சு. பதிமூணு வச்சா மூச்சு வாங்கிட்டு சும்மா நிக்கணும். அவ்ளோதான்.”

இவ்வளவு பெரிய தொடருக்கு இவ்வளவு சின்னக் காரணமா என்று இளஞ்செழியன் அவளை அருவருப்போடு பார்த்தார்.

“செம்மலு,” என்றாள் சரிதா, “பேட்டியில கேட்டப்பவாவது குச்சி விழுந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“கணக்குன்னு கேட்டாங்க சரிதா. கேக்கவே நல்லா இருந்துச்சு. குச்சி விழுந்துச்சுன்னு சொல்றதைவிட…” மீதியைத் தரையிடம் சொன்னான்.

இளஞ்செழியன் திடீரென்று திரையை நோக்கிக் கை நீட்டினார். “அந்த ‘அய்யோ’வை மறுபடி போடுங்க.”

போட்டார்கள்.

அவர் செம்மல் கண்ணடித்த திசையைப் பார்த்தார். செம்மலைப் பார்த்தார். அவர் மனசுக்குள் ஒன்றும் ஒன்றும் கூடி இரண்டானது முகத்திலேயே தெரிந்தது. ஆயுளில் முதல் முறையாக, விடை வந்தும் அதை வெளியில் சொல்லவில்லை.

“நான் யாருக்கும் காட்ட மாட்டேன் சார்,” என்றார் அஞ்சலாட்சி இதமாக. “ஆனா நீங்க வழக்குப் போட்டீங்கன்னா கோர்ட்டு ஆதாரம் கேக்கும். நான் போட்டுக் காட்டணும். ஓரத்துல குரல் கேக்கும். நெல்லித்தோப்புல காது நல்லா கேக்கும்.”

கணக்கா மானமா என்று வந்தபோது வாத்தியார் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. அங்கேயே நின்றபடி விழாக்காரர்களுக்கு எழுதினார், உரிமை கோரலைத் திரும்பப் பெறுகிறேன் என்று. ‘பெருந்தன்மையுடன்’ என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொண்டார். அதை விட்டுக்கொடுத்தார் அஞ்சலாட்சி.

---

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நெல்லித்தோப்பு வேறு மாதிரி சொல்லும்.

தை மாதம் உழவர்கரையில் நிர்மலாவுக்கும் செம்மலுக்கும் கல்யாணம். ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாத மாமனார், மாப்பிள்ளையின் கொண்டையில் இருக்கிற சுருளும் ஒரு கணிதத் தொடர்தான் என்று கண்டுபிடித்த பிறகு சமாதானமாகிவிட்டார். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து கல்லூரி கல்லூரியாகப் போகிறார்கள். மாமனார் சூரியகாந்தியைக் காட்ட, மருமகன் பதிமூணு அடி தட்டிக் காட்டுகிறான். குச்சியை வீசுவதில்லை.

கலைக்களஞ்சியத்தில் இன்னமும் பதிமூணுதான். அஞ்சலாட்சியே ஒரு நாள் உட்கார்ந்து, பன்னெண்டு என்று திருத்தினார். காபி ஆறுவதற்குள் யாரோ அழித்துவிட்டு, ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். நிர்மலாவுக்குக் கொடுத்த வாக்கால் வீடியோ அவருடைய அலமாரியில் பூட்டிக் கிடந்தது. “பொய்க்கு மூணு ஆதாரம். உண்மைக்கு ஒண்ணு, அதையும் காட்ட முடியாது,” என்று சொல்லிவிட்டு, அடுத்த மாப்பிள்ளையை விசாரிக்கக் கிளம்பிப் போனார்.

சரிதா விழாவுக்குப் போனவள் அங்கேயே மார்செய் பக்கம் தங்கிவிட்டாள். புது டிரம்ஸ்காரன், குட்டை முடி. பாட்டுக்குக் கீழே அவள் பெயர் மட்டும் இருக்கிறது. போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கடைசி வரி முடிந்து, பன்னெண்டு அடி சுத்தமாக விழ, அதற்குள் அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பது தெரிந்தது. அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பது தெரிந்தது.

அந்த நிசப்தத்தில், கூட்டத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் பாட்டு முடிந்ததென்று நினைத்து ஒரே ஒரு தட்டுக் கை தட்டினார்.

கோபிநாத் போனைக் கவிழ்த்து வைத்தான்.

“அக்கா, அந்த ஆளு கணக்கு வாத்தியாரா இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கங்க.”